ஜான் டால்ட்டனின் கண்கள்

மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் மாலை வேளையில் வானவில்லைக் கண்டு மகிழாதவர் நம்மில் யார்? ஊதா, கருநீலம், நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏழு நிறங்களையும் விரல்விட்டு எண்ணிச் சொல்லச் சிறு வகுப்பிலேயே கற்றுக்கொண்டோம். ஆனால் பக்கத்தில் நின்று அதே வானவில்லைப் பார்க்கும் தோழியின் கண்ணுக்கும் அது அப்படியேதான் தெரிகிறதா என்று நாம் கேட்டதுண்டா? அவளும் சிவப்பு என்கிறாள், நாமும் சிவப்பு என்கிறோம். சொல் ஒன்று. காட்சியும் ஒன்றுதானா?

இந்தக் கேள்வியைத் தன் கண்களை வைத்தே கேட்ட ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜான் டால்ட்டன். வேதியியல் புத்தகத்தில் அணுக்கொள்கையைத் தந்தவர் என்று அவரை நாம் படித்திருக்கிறோம். தேர்வுக்கு முந்தைய இரவில் அவருடைய கொள்கையின் கூறுகளை மனப்பாடம் செய்து, மறுநாள் எழுதிவிட்டு மறந்தும் விடுகிறோம். அந்தப் புத்தகம் சொல்லாத டால்ட்டனைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறோம்.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் கம்பர்லாந்து என்ற மலைப்பாங்கான பகுதி உண்டு. அங்கே ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1766-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜான் பிறந்தார். தந்தை ஜோசப் ஒரு நெசவாளர். சிறிதளவு நிலமும் இருந்தது. தாயின் பெயர் டெபோரா. மூத்தவன் ஜோனதான். குடும்பம் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. குவேக்கர்கள் ஆடம்பரம் அறியாதவர்கள். பகட்டான நிற உடைகளைத் தவிர்த்துச் சாம்பல், பழுப்பு போன்ற மங்கலான உடைகளையே உடுத்துவார்கள். வாள் ஏந்த மாட்டார்கள். இந்த இரண்டு செய்திகளையும் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் ஓர் அரண்மனைக் காட்சியில் இவை தேவைப்படும்.

அக்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கே உரியவையாக இருந்தன. குவேக்கர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை; இந்த ஏழை நெசவாளர் வீட்டில் பணமும் இல்லை. ஊரில் எலிஹு ராபின்சன் என்ற வசதியுள்ள குவேக்கர் ஒருவர் இருந்தார். சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு அவனுக்குக் கணிதம் கற்றுக் கொடுத்தார். பன்னிரண்டாம் வயதில் ஜான் ஆசிரியராகிவிட்டார்! நாம் ஏழாம் வகுப்பில் ரிப்பன் கட்டிக்கொண்டு ஓடியாடிய அந்த வயதில், அவர் தன்னிலும் மூத்த மாணவர்களையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். இடையிடையே வயல் வேலையும் செய்தார். 1781-இல் கெண்டல் என்னும் நகரில் இருந்த குவேக்கர் பள்ளிக்கு அண்ணனுடன் சேர்ந்து பணியாற்றச் சென்றார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. எங்கள் வயது.

கெண்டலில் அவருக்குக் கிடைத்த குருவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஜான் கஃப். மழலைப் பருவத்தில் பெரியம்மையால் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். ஆனால் அவருக்குத் தெரியாத கலை அந்த வட்டாரத்தில் அரிது. லத்தீன், கிரேக்கம், கணிதம், தாவரவியல் எல்லாவற்றிலும் வல்லவர். செடிகளைத் தொட்டும் முகர்ந்தும் இன்னது என்று சொல்லிவிடுவாராம். பின்னாளில் கண்பார்வையைப் பற்றி உலகுக்குப் புதுச் செய்தி சொன்ன ஒருவருக்கு, கண்பார்வையே இல்லாத ஒருவர் ஆசானாக வாய்த்தார் என்பதைப் படித்தபோது நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

நாள்தோறும் வானிலையைக் குறித்து வைக்கும் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியவரும் கஃப்தான். வெப்பநிலை, காற்றழுத்தம், மழை, காற்று வீசும் திசை என அனைத்தையும் 1787-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் முதல் டால்ட்டன் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். ஐம்பத்தேழு ஆண்டுகள் விடாமல் எழுதினார். மொத்தம் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட குறிப்புகள்! புத்தாண்டில் வாங்கும் டைரியைப் பொங்கலுக்குள் மறந்துவிடும் நம்மால் இதை நம்பவே முடியவில்லை.

இனி நம் கதையின் மையத்திற்கு வருவோம். டால்ட்டனுக்குத் தாவரவியலிலும் ஈடுபாடு உண்டாயிற்று. பூக்களைச் சேகரித்து வகைப்படுத்தும்போது அவற்றின் நிறத்தைக் குறிப்பிட வேண்டும் அல்லவா? அங்கேதான் தொல்லை தொடங்கியது. ஒரு பூ நீலமா இளஞ்சிவப்பா என்று அவர் உண்மையாகவே தெரியாமல் பிறரைக் கேட்பார். கேட்டவர்கள் அவர் வேடிக்கை செய்வதாக நினைத்துச் சிரித்துவிடுவார்கள். அவரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. நிறங்களின் பெயர்களில்தான் ஏதோ குழப்பம், மக்கள் கண்டபடி பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார். பிறந்தது முதல் ஒரே விதமாகப் பார்த்து வந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

1792-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நாள் இரவு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு ஜெரேனியம் பூவை அவர் தற்செயலாகப் பார்த்தார். மலைவாசத்தலங்களில் வீட்டு வாசலில் தொட்டிகளில் வளர்க்கிறார்களே, அந்தச் செடிதான். அந்தப் பூ மற்றவர் கண்ணுக்கு இளஞ்சிவப்பு. பகல் வெளிச்சத்தில் அவர் கண்ணுக்கு அது வானத்து நீலம். ஆனால் அன்று இரவு அதில் நீலத்தின் சாயலே இல்லை. அவர் சிவப்பு என்று அழைத்து வந்த நிறமாக அது மாறிவிட்டிருந்தது. திகைத்துப்போன டால்ட்டன் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பகலில் எப்படியோ இரவிலும் அப்படித்தான் இருக்கிறது, பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள் எல்லாரும். ஒரே ஒருவர் மட்டும் ஆம், மாறித்தான் இருக்கிறது என்றார். அவர் ஜானின் அண்ணன் ஜோனதான்.

ஊரே ஒன்றைச் சொல்ல, தானும் தன் உடன்பிறப்பும் மட்டும் வேறொன்றைக் காண்கிறோம் என்று தெரியும்போது ஒரு மனிதர் என்ன செய்வார்? வெளியே சொன்னால் நகைப்பார்களே என்று மறைத்திருக்கலாம். டால்ட்டன் மறைக்கவில்லை. தன் கண்களையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். பட்டுத் துணி, நாடா, இலை, மெழுகு என்று கிடைத்ததை எல்லாம் பகலிலும் விளக்கொளியிலும் பார்த்துப் பட்டியல் போட்டார். முப்பட்டகத்தின் வழியே ஞாயிற்றின் ஒளியைச் செலுத்தி நிறமாலையையும் பார்த்தார்.

1793-இல் அவர் மான்செஸ்டர் நகரத்தில் நியூ காலேஜ் என்ற கல்விக்கூடத்தில் கணிதமும் இயற்கைத் தத்துவமும் கற்பிக்கச் சென்றார். மறு ஆண்டு அக்டோபர் மாதம் அந்நகரின் இலக்கிய தத்துவக் கழகத்தில் உறுப்பினரானார். உறுப்பினராகிய அதே மாதத்தின் கடைசி நாளில், 1794 அக்டோபர் 31 அன்று, அறிஞர்கள் கூடிய அவையில் தன் முதல் கட்டுரையைப் படித்தார். தன் குறையைப் பற்றியதே அக்கட்டுரை. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. ஊருக்குப் புதியவர்.

அவர் கண்ட உலகம் எப்படி இருந்தது தெரியுமா? நியூட்டன் ஏழு நிறம் எண்ணிய நிறமாலையில் அவருக்கு மஞ்சள், நீலம் என்ற இரண்டும், அவற்றுடன் ஒரு வகை ஊதாவும் மட்டுமே தெரிந்தன. நாம் சிவப்பு என்று சொல்லும் பகுதி அவருக்கு ஏறக்குறைய ஒரு நிழல் மாதிரி, ஒளி குறைந்த இடம் மாதிரி இருந்தது. ஆரஞ்சு, மஞ்சள், பச்சை மூன்றும் ஒரே மஞ்சளின் பல அளவுகள்தாம். லாரல் மரத்தின் பசிய இலையும், கடிதத்திற்கு முத்திரையிடும் சிவப்பு அரக்கும் அவருக்கு நல்ல பொருத்தம். இரத்தம், பழைய புட்டிகளின் கரும்பச்சை நிறத்தை ஒத்திருந்தது. ரோஜாக் கன்னம் என்று புலவர்கள் பாடுகிறார்களே, அந்தக் கன்னம் அவருக்கு வெள்ளைத் தாளில் தண்ணீர் கலந்த கறுப்பு மையைத் தடவியது போல் தோன்றியது! இதைப் படித்துச் சிரித்தோம். பிறகு, சிரித்தது சரிதானா என்றும் பேசிக்கொண்டோம்.

ஏனென்றால், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பிக்கும் இந்தக் குறை உண்டு. அவன் சிறுவனாக இருந்தபோது படம் வரைந்தால் மரத்தின் அடிப்பகுதிக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் தீட்டுவான். கவனம் இல்லை, குறும்பு செய்கிறான் என்று அவன் படித்த பள்ளியில் பலமுறை முழங்காலிட வைத்தார்கள். வீட்டிலும் அடி விழுந்தது. எட்டாம் வகுப்பில் கண் மருத்துவர் ஒருவர் புள்ளிகள் நிறைந்த படப் புத்தகத்தைக் காட்டி, அதற்குள் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னபோதுதான் உண்மை தெரிந்தது. ஜப்பானியரான இஷிஹாரா என்ற மருத்துவர் 1917-இல் வெளியிட்ட சோதனை அது. இந்த மலரைப் படிக்கும் பெற்றோர்கள் தங்கள் வீட்டுப் பையன் பச்சையையும் பழுப்பையும் மாற்றிப் போட்டால் கையை ஓங்குமுன் அந்தப் படங்களை ஒருமுறை காட்டிப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

டால்ட்டனின் அவையில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு சோதனை தெரியாது. ஆயினும் இது டால்ட்டனிடம் மட்டும் இருந்த விந்தை அல்ல. அவருடைய கம்பர்லாந்திலேயே மேரிபோர்ட் என்ற ஊரில் ஹாரிஸ் என்றொரு காலணித் தொழிலாளி இருந்தார். நாலு வயதில் தெருவில் கிடந்த ஒரு குழந்தையின் காலுறையை எடுத்துக்கொண்டு யாருடையது என்று ஹாரிஸ் கேட்கப் போனார். எல்லாரும் அதைச் சிவப்புக் காலுறை என்று சொன்னது அவருக்கு ஏன் என்றே விளங்கவில்லை. செர்ரி மரத்தில் மற்றப் பிள்ளைகள் பழத்தை நிறத்தால் கண்டுபிடித்தார்கள். அவர் அளவையும் வடிவத்தையும் பார்த்துத்தான் பறிக்க வேண்டியிருந்தது. அவர் சகோதரர் இருவருக்கும் இப்படியே. இச்செய்தி 1777-இல் அச்சாகியிருந்தது. டால்ட்டன் அதைத் தேடிப் படித்து, அந்தக் குடும்பத்தில் உயிரோடிருந்த ஒருவருக்குக் கேள்விகள் அனுப்பி விவரம் பெற்றார். தன் மாணவர்களையும் சோதித்தார். இருபத்தைந்து பேர் கொண்ட ஒரு வகுப்பில் இருவர், அத்தகைய இன்னொரு வகுப்பில் ஒருவர் தன்னைப் போலவே பார்ப்பதைக் கண்டார். இவ்வாறு ஏறத்தாழ இருபது பேரைப் பற்றி அறிந்தார். அவர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. இதை அவர் வியப்போடு குறித்து வைத்தார். காரணம் அவருக்குத் தெரியவில்லை.

கண் எப்படி நிறத்தைக் காண்கிறது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒளி அலைகளாக வருகிறது. அலையின் நீளத்தை நானோமீட்டரில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக வகுத்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள அலைகளே நம் கண்ணுக்கு எளிதில் தெரிபவை. குறுகியது ஊதா, நீண்டது சிவப்பு. இதற்கு அப்பாலும் இப்பாலும் உள்ள புற ஊதாக் கதிர், அகச்சிவப்புக் கதிர், ரேடியோ அலை எல்லாம் நம்மைச் சுற்றி இருந்தும் நமக்கு இருட்டே. தேனீக்கோ புற ஊதா தெரியும். நம் கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் சில பூக்களில் அது கோலங்களைக் காண்கிறது. ஆகவே நிறத்தில் குறையில்லாதவர் என்று நாமும் மார்தட்ட முடியாது.

கண்ணின் பின்புறச் சுவரில் விழித்திரை இருக்கிறது. அதில் கோல் வடிவச் செல்கள் ஏறக்குறைய 12 கோடி. இவை மங்கலான வெளிச்சத்தில் உதவுபவை, நிறம் அறியாதவை. நிலவொளியில் தோட்டத்துப் பூக்கள் எல்லாம் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது இவற்றால்தான். கூம்பு வடிவச் செல்கள் சுமார் 60 லட்சம். நிறம் அறிபவை இவையே. அவற்றில் மூன்று வகை உண்டு. ஒரு வகை குறுகிய அலைகளுக்கும், ஒரு வகை நடுத்தர அலைகளுக்கும், மற்றது நீண்ட அலைகளுக்கும் மிகுதியாக விழித்துக்கொள்ளும். பேச்சு வழக்கில் நீலக் கூம்பு, பச்சைக் கூம்பு, சிவப்புக் கூம்பு என்கிறார்கள். தனித்தனியே எந்தக் கூம்புக்கும் நிறம் தெரியாது. எது எவ்வளவு தூண்டப்பட்டது என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மூளை இது மஞ்சள், இது கிளிப்பச்சை என்று முடிவு செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் முப்பட்டகத்தைத் திருப்பித் திருப்பி வண்ணப்பட்டையைத் தேடிய நாங்கள், அந்தப் பட்டையில் பாதி வேலை நம் தலைக்குள் நடக்கிறது என்று அன்று அறிந்திருக்கவில்லை.

டால்ட்டன் காலத்தில் கூம்பு செல்லைப் பற்றி யாருக்கும் தெரியாது. எனவே அவர் தனக்குத் தெரிந்ததை வைத்து ஒரு விளக்கம் சொன்னார். கண் உருண்டைக்குள் தெளிந்த பாகு போன்ற ஒரு நீர்மம் நிறைந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது நிறமற்றது. தனக்கு மட்டும் அது நீல நிறமாக இருக்க வேண்டும். நீலக் கண்ணாடி சிவப்பொளியை விழுங்குவது போல் அது சிவப்பை விழுங்கிவிடுகிறது என்றார். எவ்வளவு எளிமையான, அழகான விளக்கம்! சோதித்துப் பார்க்கக் கூடியதும்கூட. ஆனால் கண்ணைத் திறந்து பார்த்தால்தானே நீலமா இல்லையா என்று தெரியும்? உயிரோடிருக்கும்போது அது முடியாது. ஆகவே தான் இறந்த பின் தன் கண்களை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்துவைத்தார்.

இதற்கிடையில் லண்டனில் தாமஸ் யங் என்ற மருத்துவர் வேறொரு கருத்தைச் சொன்னார். அவரும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவரே. எண்ணற்ற நிறங்களைக் காண எண்ணற்ற கருவிகள் கண்ணுக்குள் இருக்க இடமில்லை, மூன்றே வகை உணர்விழைகள் போதும் என்று 1801-இல் ராயல் சொசைட்டியில் அவர் உரைத்தார். 1807-இல் அச்சான தன் விரிவுரைகளில் டால்ட்டனையும் குறிப்பிட்டார். நீல நீர்மம் எல்லாம் தேவையில்லை, சிவப்பை உணரும் இழைகள் டால்ட்டனிடம் இல்லை என்று கொண்டால் போதும் என்பது அவர் எண்ணம். டால்ட்டன் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இருவரில் யார் சரி? விடை வர இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருந்த காலத்தில்தான் அவர் உலகப் புகழ் பெற்றார். 1800-இல் கல்லூரி வேலையை விட்டுத் தனிப்பாடம் சொல்லிப் பிழைத்தார். வெப்பத்தைப் பற்றிய ஆராய்ச்சியால் பின்னர்ப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜூல், சிறுவனாக அவரிடம் படித்தவர்தான். 1803-இல் அணுக்கொள்கை அவர் மனத்தில் உருவாயிற்று. 1808-இல் நூலாக வந்தது. ஹைட்ரஜனின் எடையை ஒன்று என வைத்து மற்ற அணுக்களின் எடையைக் கணக்கிட்டார். அணுக்களைச் சிறு சிறு வட்டங்களாக வரைந்து காட்டினார். ஆக்சிஜனுக்கு வெறும் வட்டம், ஹைட்ரஜனுக்கு நடுவில் புள்ளி வைத்த வட்டம், கார்பனுக்குக் கறுப்பு வட்டம். கறுப்பும் வெள்ளையுமான அந்தப் படங்களில் நிறத்துக்கு வேலையே இல்லை என்பதைக் கவனித்து நாங்கள் மகிழ்ந்தோம். மீதியைப் பாடப்புத்தகம் சொல்லும்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஒரு போதகரின் குடும்பத்தோடு மான்செஸ்டரில் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். பெயரும் புகழும் வந்த பிறகும் சாதாரணப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

1832-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. ஒரு காலத்தில் குவேக்கர் என்பதால் உள்ளே நுழைய முடியாத இடம் அது! டாக்டர் பட்டத்தின் அங்கி பளபளக்கும் செந்நிறம். 1834-இல் நான்காம் வில்லியம் மன்னரை அவர் காணவேண்டி வந்தது. அரசவை உடையில் வாள் உண்டு. குவேக்கர் வாள் தரிக்க மாட்டார். என்ன செய்வது? ஆக்ஸ்ஃபோர்டு அங்கியில் போனால் வாள் தேவையில்லை என்று நண்பர்கள் வழி கண்டார்கள். ஆனால் அந்த அங்கியின் செந்நிறமோ குவேக்கர்களுக்கு ஆகாதது. இந்த இரண்டாவது இக்கட்டு மட்டும் டால்ட்டனைத் தொடவே இல்லை. அவர் கண்ணுக்கு அது இலைகளைப் போன்ற ஒரு மங்கிய நிறம்தான். எல்லார் கண்களும் தன்மேல் பதிய, தீக்கொழுந்து போன்ற அங்கியை அணிந்துகொண்டு அந்த எளிய முதியவர் அமைதியாக மன்னர் முன் சென்றார். குறை ஒன்று இவ்வளவு நயமாக ஒருவருக்குக் கை கொடுத்ததை வேறு எங்கும் நாங்கள் படித்ததில்லை.

1837-இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சுத் தளர்ந்தது, கை நடுங்கியது. வானிலைக் குறிப்பு மட்டும் நிற்கவில்லை. 1844 ஜூலை 26 அன்று இரவு நடுங்கும் கையால், அன்று சிறிது மழை பெய்ததைக் குறித்துவிட்டுப் படுத்தார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. அவர் உடலை மான்செஸ்டர் நகர மண்டபத்தில் வைத்திருந்தபோது நாற்பதாயிரம் பேர் வரிசையில் வந்து அஞ்சலி செலுத்தினார்கள்.

ஆனால் அந்த மக்கள் கூட்டத்துக்கு முன்பே வேறொன்று நடந்து முடிந்திருந்தது. இறந்த மறுநாள், ஜூலை 28 அன்று, அவருக்கு மருத்துவம் பார்த்து வந்த ஜோசப் ரான்சம் அவர் விருப்பத்தை நிறைவேற்றினார். ஒரு கண்ணைத் திறந்து அதிலிருந்த நீர்மத்தைக் கடிகாரக் கண்ணாடி போன்ற சிறு தட்டில் ஊற்றினார். நீலமா? இல்லை. மாசற்ற தண்ணீரைப் போல் தெளிந்திருந்தது. வில்லையில் மட்டும் வயதானவர்களுக்கு வருகிற சிறிது மஞ்சள். மற்றக் கண்ணைச் சிதைக்காமல் பின்புறம் மட்டும் ஒரு துவாரம் வெட்டி, அதையே கண்ணாடி போல் வைத்துக்கொண்டு அதன் வழியே சிவப்புப் பொருளையும் பச்சைப் பொருளையும் பார்த்தார். சிவப்பு சிவப்பாகவே தெரிந்தது, பச்சை பச்சையாகவே. ஐம்பது ஆண்டுகளாக டால்ட்டன் நம்பிய விளக்கம் அந்தக் காலைப்பொழுதில் பொய்யாயிற்று.

தன் விளக்கம் தவறாக இருக்கக்கூடும் என்று தெரிந்தேதானே அவர் சோதனைக்கு ஏற்பாடு செய்தார்? பரிசோதனைக் கூடத்தில் விடை சரியாக வரவில்லை என்றால் பக்கத்து மேசையைப் பார்த்து எண்ணைத் திருத்துகிற வழக்கம் எங்களில் சிலருக்கு உண்டு. பெயர் சொல்ல மாட்டோம். டால்ட்டனோ தன் விடையைச் சரிபார்க்கத் தன் கண்களையே கொடுத்தார். அணுக்கொள்கையைவிட இது எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. எங்கள் வேதியியல் ஆசிரியை இதற்கு உடன்படவில்லை.

கண்களை ரான்சம் எறிந்துவிடவில்லை. அவை மான்செஸ்டர் கழகத்தின் பொறுப்பில் பத்திரமாக வைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில், 1940-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் விழுந்த குண்டுகளால் அக்கழகத்தின் கட்டடம் எரிந்தது. டால்ட்டனின் கையெழுத்துத் தாள்கள் பல சாம்பலாயின. காய்ந்து சுருங்கிப்போன அந்தக் கண்கள் தப்பின.

இதற்குள் அறிவியல் வளர்ந்துவிட்டது. யங் சொன்ன மூன்று வகை உணர்விழைகள் மூன்று வகைக் கூம்புகள் என்று உறுதியாயிற்று. சிவப்பு, பச்சைக் கூம்புகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன என்பது 1986-இல் தெளிவாகக் காட்டப்பட்டது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே. அதில் பழுது இருந்தால் ஈடு செய்ய வேறு இல்லை. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும். ஐரோப்பிய வம்சத்தினரில் நூறு ஆண்களில் எட்டுப் பேருக்கு இக்குறை இருக்கும்போது, பெண்களில் இருநூறு பேரில் ஒருவருக்கே இருக்கிறது. டால்ட்டன் தேடிய இருபது பேரில் ஒரு பெண்கூட இல்லாத மர்மம் இதுதான். ஜானும் ஜோனதானும் இக்குறையைப் பெற்றது தாய் டெபோராவிடமிருந்து. அவர் தனக்கு ஒரு குறையும் தெரியாமலே அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார்.

டால்ட்டனின் கண்ணில் எஞ்சியிருந்த திசுவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அதிலிருந்து மரபுப் பொருளான டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்தனர் இங்கிலாந்து விஞ்ஞானிகள். முடிவு 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியாயிற்று. அவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. சிவப்புக் கூம்புக்கான மரபணு அவரிடம் இருந்தது. இல்லாதது பச்சைக் கூம்புக்கான மரபணு! நீல நீர்மம் என்ற டால்ட்டனும் தவறினார்; சிவப்பு இழை இல்லை என்ற யங்கும் பாதி தவறினார். மூன்றில் ஒன்று இல்லை என்றது சரி, எந்த ஒன்று என்றது பிழை.

அந்த ஜெரேனியம் பூவின் கதையும் இதோடு விளங்கிவிடுகிறது. அதன் இதழ்கள் சிவப்பொளியையும் நீல ஒளியையும் சேர்த்தே திருப்பி அனுப்புகின்றன. பகல் வெளிச்சத்தில் நீலம் ஏராளம். ஆகவே டால்ட்டனிடம் இருந்த இரண்டு வகைக் கூம்புகளில் நீலக் கூம்பின் கை ஓங்கியது, பூ வானத்து நீலமாயிற்று. மெழுகுவர்த்திச் சுடரில் நீலம் மிகக் குறைவு. மற்றக் கூம்பு வென்றது, பூ நிறம் மாறியது. மூன்று கூம்புகள் உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் அவ்வளவாகத் தெரிவதில்லை. அன்றிரவு அந்த அறையில் பூ எப்படி மாறியது என்பதை முழுதாகக் காணும் கண் படைத்தவர்கள் அண்ணனும் தம்பியும் மட்டுமே.

பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளில் இக்குறைக்கு இன்றும் டால்ட்டனின் பெயரே வழங்குகிறது. நாமோ நிறக்குருடு என்கிறோம். தோழியின் தம்பிக்கு அந்தச் சொல் பிடிக்காது. தான் ஒன்றும் குருடு இல்லை, வானம் நீலமாகவும் சாமந்தி மஞ்சளாகவும் தனக்கு நன்றாகவே தெரிகிறது என்பான். டால்ட்டனைப் பற்றி அவனிடம் சொன்னோம். அந்தச் சிவப்பு அங்கி அவனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.